நூலகத்தின் உடைமை எவருக்கு உரியது?

கொடுப்பதால் குறையாத ஒன்றைத் தம்மிடம் வைத்திருக்கும் ஒருவர், அதைப் பிறருக்கு வழங்காமல் இருக்கும் வரை, அதை உடைமையாகக் கொள்ள வேண்டிய முறையில் இன்னும் கொள்ளவில்லை என்னும் கருத்தை, வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக இருந்த புனித அகுஸ்தீன், 4ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் எழுதத் தொடங்கிய ‘கிறித்தவப் போதனை’ என்னும் நூலின் தொடக்கத்திலேயே முன்வைத்தார். மறைநூலைக் கற்றுத் தெளிந்தவர் தாம் அறிந்ததைப் பிறருக்கு எடுத்துரைக்கத் தயங்கக் கூடாது என்பதற்காகவே அவர் இதைச் சொன்னார் என்றாலும், அந்தச் சிறு வாதம் உடைமை என்ற கருத்தையே வேறொரு நிலத்தில் ஊன்றுகிறது. பிறரை விலக்கி வைக்கும் அதிகாரம் எவ்வளவோ அவ்வளவே உடைமை என்று சட்டம் பொதுவாகக் கணக்கிட, அகுஸ்தீனோ குறையாத பொருள்களைப் பொறுத்தவரை வழங்கும் செயலில்தான் உடைமை நிறைவு பெறுகிறது என்று கருதினார். இக்கருத்தை ஏற்றுக்கொண்ட ஒருவர் கல்லூரி நூலகமொன்றின் வாயிலில் நின்று, உள்ளே அடுக்கப்பட்டுள்ள நூல்கள் எவருடையவை என்று கேட்டால், கல்லூரியின் சொத்துப் பதிவேட்டைக் காட்டி அவருக்கு விடை சொல்லிவிட முடியாது.

அக்கேள்வியை நடைமுறையில் எழுப்புவது நூலகக் கூட்டமைப்பு என்னும் ஏற்பாடு. ஒரு வட்டாரத்திலுள்ள கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்கள் தத்தம் நிர்வாகத்தைத் தாமே நடத்திக்கொண்டு, தம்மிடமுள்ள நூல்களின் விவரங்களை மட்டும் ஒரே கூட்டுப் பட்டியலில் இணைத்து, ஒன்றின் வாசகர் மற்றொன்றின் நூலை இரவலாகப் பெற வழிசெய்து, விலை மிகுந்த ஆய்விதழ்களுக்குச் சேர்ந்து சந்தா செலுத்துவதே இவ்வேற்பாட்டின் சாரம். நூலக நிர்வாகம் பற்றிய எழுத்துகள் இதைச் செலவைக் குறைக்கும் வழியாகவே பெரும்பாலும் விளக்குகின்றன, அவ்விளக்கம் பொய்யன்று. ஆனால் செலவு குறைகிறது என்பதற்காக மட்டுமே பகிர்தல் சரியாகுமென்றால், செலவு கூடும் நாளில் பகிராமையே சரியென்றாகிவிடும். ஆகவே அடிப்படைக் கேள்வி வேறு: தன் பணத்தில் வாங்கித் தன் ஊழியர் உழைப்பில் பேணிய நூலை, தனக்குக் கட்டணம் செலுத்தாத, தன் மாணவரும் அல்லாத ஒருவருக்கு வழங்க ஒரு நூலகம் கடமைப்பட்டிருக்கிறதா, அவ்வாறு வழங்கினால் அது இரக்கத்தால் செய்யும் உதவியா, நீதியின்படி சேர வேண்டியதைச் சேர்ப்பதா?

அகுஸ்தீனின் கருத்தை இவ்விடத்தில் அப்படியே பொருத்துவதில் ஓர் இடர் உண்டு. அவர் எடுத்துக்காட்டியது, நற்செய்தி நூல்களில் இயேசு சில அப்பங்களைப் பகிர்ந்தளிக்கப் பகிர்ந்தளிக்க அவை பெருகிய நிகழ்ச்சியை. கற்பிப்பவரின் அறிவும் அவ்வாறே வழங்க வழங்கப் பெருகும் என்பது அவர் நம்பிக்கை. நூலோ அறிவும் பொருளும் ஒன்றாகக் கட்டப்பட்ட ஒன்று. அதன் உள்ளடக்கம் எத்தனை பேர் படித்தாலும் குறையாது. அதன் தாளும் கட்டும் ஒரு நேரத்தில் ஒரு கையில்தான் இருக்கும், தேயும், நனையும், தொலையும். ஒரு நூலகம் தன் நூலை நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாசகருக்கு அனுப்பும்போது, அவருடைய அறிவு பெருகும் அதே வேளையில் தன் வாசகர் ஒருவர் வெறும் கையோடு திரும்ப நேரலாம். எனவே நூலகரின் தயக்கத்தைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. குறையாத ஒன்றைக் குறையும் ஒன்றின் வழியாக வழங்க வேண்டியிருப்பதே அவருடைய இடர், ஐரோப்பிய இடைக்காலத்தின் மடங்கள் இதே இடரோடு பல நூற்றாண்டுகள் போராடின.

அக்காலத்தில் நூலென்றால் தோலில் கையால் எழுதப்பட்ட படி. ஒரு பெரிய விவிலியப் படிக்கு ஓர் ஆட்டு மந்தையின் தோலும் எழுத்தர்களின் பல மாத உழைப்பும் வேண்டியிருந்தன. ஆகவே திருடுபவர் மீது சாபமெழுதி வைப்பதும், நூலை மடத்துக்கு வெளியே கொடுப்பதில்லை என்று ஆணையிட்டுக்கொள்வதும் வழக்கமாயின. 1212ஆம் ஆண்டளவில் பாரிசில் கூடிய திருச்சபை மன்றம் அத்தகைய ஆணைகளைக் கண்டித்து, இல்லாதவருக்கு நூலை இரவல் கொடுப்பது தலைசிறந்த இரக்கச் செயல்களுள் ஒன்று என்று அறிவித்தது. இரக்கச் செயல்கள் என்பன, பசித்தவருக்கு உணவளித்தல், ஆடையற்றவருக்கு ஆடையளித்தல் முதலாகக் கிறித்தவ மரபு வகுத்துள்ள அறங்கள். நூலிரவல் அந்த வரிசையில் சேர்க்கப்பட்டது சிறிய செய்தியன்று, ஏனெனில் அறியாமையும் பசியைப் போல ஒரு வறுமையே என்று அது ஒப்புக்கொள்கிறது. அதே தீர்மானம் மற்றொன்றையும் செய்தது. மடத்துத் துறவியரின் பயன்பாட்டுக்கென்று சில நூல்களை ஒதுக்கிவிட்டு, ஏனையவற்றை, மடத்துக்கு இழப்பு நேராத வகையில் தலைவரின் முடிவுப்படி இரவலுக்கு விடுமாறு அது பணித்தது. இரக்கத்தைக் கட்டளையாக்கிய அதே வரியில் அதற்கு எல்லையும் வகுத்த அந்த மன்றத்தின் நடைமுறை அறிவு, இன்றைய கூட்டமைப்பு உடன்படிக்கைகளில் இரவலுக்கு உரியவை, நூலகத்துக்குள் மட்டும் பார்க்க உரியவை என்று நூல்களைப் பிரிக்கும் விதிகளில் இன்றும் தொடர்கிறது.

பாரிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோர்போன் கல்லூரி இந்தப் பிரிவினையைக் கட்டட அமைப்பிலேயே கொண்டுவந்தது. 1257ஆம் ஆண்டளவில் ரொபேர் தெ சோர்போன் வறிய இறையியல் மாணவர்களுக்காக நிறுவிய அக்கல்லூரியில், 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பெரிய நூலகம், சிறிய நூலகம் என்று இரண்டு இருந்தன. பெரியதில் அடிப்படை நூல்கள் மேசைகளோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. சிறியதிலிருந்த படிகள் இரவலாக வெளியே சென்றன. 1338ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அக்கல்லூரியின் நூல்கள் 1,722. அவற்றுள் சங்கிலியிட்டவை 300க்குச் சற்று மேற்பட்டவையே. சங்கிலியைக் காணும் இன்றைய மனம் அதை அவநம்பிக்கையின் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் 1321ஆம் ஆண்டின் கல்லூரி விதி, ஒவ்வொரு துறையிலும் உள்ள சிறந்த படியைச் சங்கிலியிட வேண்டும் என்று கூறி, அதற்குப் பொது நன்மை தனியொருவரின் நன்மையிலும் உயர்ந்தது என்னும் அரிஸ்டாட்டில் வழிவந்த காரணத்தைக் காட்டுகிறது. சிறந்த படி ஒருவருடைய அறைக்குள் சென்று ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால் மற்ற அனைவரும் அதை இழப்பர். சங்கிலி அதைத் தடுத்தது. பிணைத்து வைப்பதும் சில வேளைகளில் பகிர்தலின் ஒரு வடிவமாகும் என்பதை, வரம்பற்ற இரவலே பகிர்தலின் உச்சம் என்று எண்ணுவோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

பேணுதல் பகிர்தலுக்குத் துணையாவதை நிறுத்தி அதற்குப் பகையாகும் இடமும் உண்டு. சமண சமயம் உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வகுத்திருக்கிறது. நூலைப் படியெடுக்கச் செய்து துறவியருக்கு வழங்குவது இல்லறத்தாருக்குப் பெரும்புண்ணியமெனக் கருதப்பட்டது. அதே சமயத்தவர் பேணிய கர்நாடகத்து மூடபித்ரிக் கோயிலில், திகம்பரர் மிக உயர்வாக மதிக்கும் ‘தவளா’ உள்ளிட்ட பழம்பெரும் உரைநூல்களின் ஓலைச்சுவடிகள், படிக்கப்படுவதற்கின்றி வணங்கப்படுவதற்கே உரியவையாய் நூற்றாண்டுகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அவற்றைப் படியெடுக்கும் பணி தொடங்கியது. ஹீராலால் ஜெயினைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அச்சில் முதல் தொகுதி வெளிவர 1939 ஆனது. சுவடிகளைக் காத்தவர்களை இதற்காகப் பழிப்பது தகாது. அவர்கள் காத்திராவிட்டால் பதிப்பிக்க எதுவும் எஞ்சியிருக்காது. அவர்களை இயக்கியது பேராசையன்று, புனிதமானது தகாத கைகளில் சிதைந்துவிடும் என்னும் அச்சம். ஆயினும் சாத்திரதானத்தைப் போற்றிய ஒரு மரபின் நடுவிலேயே சாத்திரம் வாசகரின்றி இருந்தது என்பது, நல்ல நோக்கத்தோடு பேணுவதுகூடப் பேணலின் காரணத்தை மறக்கச் செய்துவிடலாம் என்பதற்குச் சான்று.

இரக்கமா, நீதியா என்னும் கேள்விக்கு இங்குதான் திரும்ப வேண்டியிருக்கிறது. இரக்கத்தால் கொடுப்பவர் கொடாதிருக்கவும் உரிமை பெற்றவர்; பெறுபவர் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர். நீதியின்படி கொடுப்பவரோ பெறுபவருக்கு ஏற்கெனவே உரியதை அவரிடம் சேர்க்கிறார். அங்கே மறுப்பது குறைபாடன்று, தவறு. 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளரான தாமஸ் அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகை’யில் தனியுடைமையை ஆராயும் இடத்தில் ஒரு நுட்பமான பிரிவினையைச் செய்தார். பொருளைத் தேடுவது, பேணுவது, பங்கிடுவது ஆகியவற்றில் மனிதர் தமக்கென உடைமை கொள்வது முறையானது, தேவையானதும்கூட. ஏனெனில் எல்லாருக்கும் பொதுவான வேலையை ஒவ்வொருவரும் மற்றவர் தலையில் சுமத்திவிட்டு ஒதுங்குவர். ஆனால் பயன்பாடு என்று வரும்போது பொருளைத் தமக்கே உரியதாக எண்ணாமல் பொதுவானதாக எண்ணி, தேவையுள்ளோருக்குத் தயங்காமல் பகிர வேண்டும். நூலகத்துக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான விளக்கம் அமைவது அரிது. வாங்குதல், பட்டியலிடுதல், கட்டுதல், பூச்சியிலிருந்து காத்தல் ஆகிய பொறுப்புகள் ஒரு குறிப்பிட்ட கல்லூரிக்கு உரியவையாய் இருந்தால்தான் அவை நடக்கும். படித்தல் என்னும் பயனோ அக்கல்லூரியின் மதிலோடு நிற்க வேண்டியதில்லை. அகுஸ்தீனின் வாழ்க்கையே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 430இல் வாண்டல் படைகள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது இறந்த அவர் உயில் எழுதவில்லை என்றும், வறியவராகத் தம்மை வைத்துக்கொண்ட அவரிடம் எழுதிவைக்க எதுவும் இருக்கவில்லை என்றும், ஆனால் கோயிலின் நூலகத்தை வருங்காலத்தவருக்காகக் கவனமாகக் காக்குமாறு எப்போதும் பணித்து வந்தாரென்றும் அவர் வரலாற்றை எழுதிய பொசிதியுஸ் குறிப்பிடுகிறார். உடைமை இல்லை, பொறுப்பு உண்டு என்னும் நிலை அது.

அந்நிலையையே வாழ்க்கை நெறியாகக் கொண்டவர்கள் பிரான்சிஸ்கன் சபைத் துறவியர். தனியாகவும் கூட்டாகவும் எதையும் உடைமை கொள்வதில்லை என்று உறுதியேற்ற அவர்கள், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ரெஜிஸ்த்ரும் ஆங்கிலியே’ எனப்படும் ஒரு பட்டியலைத் தொகுத்தனர். இங்கிலாந்து முழுவதிலும் அதற்கப்பாலும் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கள், பேராலயங்களின் நூல்நிலையங்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வோர் ஆசிரியரின் ஒவ்வொரு நூலுக்கும் கீழே அது எந்தெந்த எண்ணுள்ள இடத்தில் கிடைக்கும் என்று குறித்த அது, கூட்டுப் பட்டியல் என்னும் கருத்தின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று. தமக்கென நூலுடைமை இல்லாத துறவியரே நாட்டின் நூல்களையெல்லாம் ஒரே நூலகமாகக் கண்டனர் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. தன் அடுக்கை நிரப்புவதில் கண்ணாயிருப்பவருக்கு அடுத்த மடத்தின் அடுக்கு போட்டியாகத் தெரியும். நூலைத் தேடிச் செல்பவருக்கோ அது எங்கே இருக்கிறது என்பது மட்டுமே தெரிய வேண்டும்.

அத்துறவியரின் பட்டியலுக்கு ஆறரை நூற்றாண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் ஓஹயோ மாநிலத்தில் அந்தக் கருத்து கணினியின் துணையோடு முழு வடிவம் பெற்றது. 1967இல் அம்மாநிலத்தின் 54 கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஓஹயோ கல்லூரி நூலக மையத்தை நிறுவின. அதன் முதல் தலைவர் பிரெடரிக் கில்கோர். ஒரு நூலகம் ஒரு நூலுக்குப் பட்டியல் குறிப்பு எழுதிவிட்டால் மற்றவை அதே உழைப்பைத் திரும்பச் செய்யாமல் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதே அவருடைய முதல் நோக்கம். 1971 ஆகஸ்டில் ஓஹயோ பல்கலைக்கழக நூலகம் தொலைவிலுள்ள கணினியோடு இணைந்து பட்டியலிடும் பணியைத் தொடங்கியது. பட்டியல் பொதுவானவுடன், எந்த நூல் எவரிடம் உள்ளது என்பது தானாகவே வெளிப்பட்டது. 1979இல் நூலகங்களுக்கிடையேயான இரவல் வேண்டுகோள்களை அதே வலையமைப்பு வழியாக அனுப்பும் வசதி வந்தது. இன்று ஓ.சி.எல்.சி. என்ற பெயரில் உலகெங்கும் அறியப்படும் அமைப்பு, ஒரு மாநிலத்துக் கல்லூரிகளின் கூட்டுறவாகப் பிறந்தது என்பதை அதன் இன்றைய அளவு பலருக்கு மறைத்துவிடுகிறது.

இரண்டாம் கட்டம் இன்னும் ஆழமானது. 1980களில் ஓஹயோவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் நூல்களை வைக்க இடமின்றிப் புதிய நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கேட்டபோது, அவ்வேண்டுகோளை ஆராய்ந்த குழு 1987இல், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கட்டடம் எழுப்புவதைவிட, அரிதாகக் கேட்கப்படும் நூல்களுக்குப் பொதுவான வட்டாரச் சேமிப்புக் கிடங்குகளும் மாநிலம் முழுவதற்கும் ஒரே மின்னணுப் பட்டியலும் அமைப்பதே நல்லதென்று பரிந்துரைத்தது. அதன் விளைவாக 1992இல் செயல்படத் தொடங்கிய ஓஹயோலிங்க் என்னும் கூட்டமைப்பில், பேரளவு நூல்வளமுள்ள ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகமும், இரண்டாண்டுப் படிப்பு மட்டுமே நடத்தும் சிறு சமுதாயக் கல்லூரிகளும் காலப்போக்கில் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. 1994 முதல் மாணவர் ஒருவர் நூலகரின் ஒப்புதலைக் கேட்காமல், வேறு கல்லூரியின் நூலைத் தாமே கணினியில் வேண்டி, சில நாள்களில் தம் கல்லூரியிலேயே பெற்றுக்கொள்ள முடிந்தது.

இந்த மாற்றம் தொழில்நுட்ப வசதியாக மட்டும் எண்ணப்படுவது வருந்தத்தக்கது. அதற்கு முந்தைய முறையில், சிறு கல்லூரியின் மாணவர் தம் நூலகரிடம் கேட்க, அவர் படிவம் நிரப்பிப் பெரிய நூலகத்தின் நூலகருக்கு எழுத, அவர் மனமிசைந்து அனுப்ப வேண்டும். ஒவ்வோர் அடியிலும் மறுக்கும் உரிமை ஒருவரிடம் இருந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் 1917இல் வகுத்த முதல் இரவல் நெறிமுறை ஆராய்ச்சியாளர்களின் தேவையை முன்னிறுத்தியே அமைந்தது. இளநிலை மாணவரின் தேவை பெரும்பாலும் அதன் கண்ணில் படவில்லை. கூட்டமைப்பு அந்த மனமிசைவை முன்கூட்டியே, எல்லாருக்குமாக, ஒரே முறை பெற்று உடன்படிக்கையில் எழுதிவிட்டது. இரக்கமாயிருந்தது உரிமையாயிற்று. சமுதாயக் கல்லூரி மாணவர் எவருக்கும் நன்றிக்கடன்படாமல், தலைகுனியாமல் நூலைப் பெறுகிறார் என்பதே கூட்டமைப்பின் தலையாய அறச்சாதனை. பாரிஸ் மன்றம் புண்ணியமென்று போற்றியதை ஓஹயோவின் ஏற்பாடு, எவருடைய புண்ணியத்தையும் சார்ந்திராத வழக்கமாக்கியது.

வழங்கும் நூலகத்துக்கு இதில் இழப்பு மிகுதியோ என்னும் ஐயத்துக்குச் சில கணக்குகள் விடையளிக்கின்றன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1969இல் வாங்கப்பட்ட நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு அடுத்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவலாகச் செல்லவில்லை என்று 1979இல் வெளியான ஆய்வு காட்டியது. ஓஹயோலிங்க்கும் ஓ.சி.எல்.சி.யும் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், அம்மாநிலக் கல்வி நூலகங்களின் மொத்த நூலிரவலில் 80 விழுக்காடு, அவற்றின் சேர்க்கையில் வெறும் 6 விழுக்காட்டு நூல்களாலேயே நிகழ்ந்தது தெரியவந்தது. அப்படியானால், பெரும்பாலான நூல்களைப் பிறருக்கு அனுப்புவதால் தன் வாசகர் வெறும் கையோடு திரும்ப நேரும் என்னும் அச்சம், உண்மையில் மிகச் சில நூல்களுக்கே பொருந்தும். எஞ்சியவற்றைப் பொறுத்தவரை அச்சுநூலும் ஏறக்குறைய அகுஸ்தீன் கூறிய குறையாப் பொருளாகிவிடுகிறது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் இருக்கிறார் என்னும் நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அவ்வாசகர் அந்நூலை வாங்கிய கல்லூரியிலேயே பயில்வார் என்று அவர் எங்கும் எல்லையிடவில்லை. ஆறு ஆண்டுகளாக எவரும் தொடாத நூல் தேவையற்ற நூலன்று. அதன் வாசகர் வேறிடத்தில் இருக்கிறார்.

இவ்வளவும் அச்சுநூல் காலத்துக்குப் பொருந்தும். அச்சுநூலைப் பகிர முடிந்ததற்கு, சட்டத்தில் அமைந்த ஒரு கொள்கை அடித்தளமாயிருந்தது. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கொன்றில், ஒரு பதிப்பகம் தன் புதினத்தை ஒரு டாலருக்குக் குறைவாக விற்கக் கூடாது என்று நூலிலேயே அச்சிட்டிருந்தும், ஓர் அங்காடி அதை 89 சென்ட்டுக்கு விற்றது. ஒரு படியை ஒருமுறை விற்ற பின் அப்படியின் மேல் பதிப்பகத்துக்குக் கட்டுப்பாடு இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கியவர் அதை விற்கலாம், கொடுக்கலாம், இரவலும் வழங்கலாம். அதே தீர்ப்பு, அவ்வழக்கில் ஒப்பந்தமோ உரிமமோ இல்லை என்பதையும் சுட்டிக்காட்டியிருந்தது. 1990களில் ஆய்விதழ்கள் மின்வடிவம் பெற்றபோது பதிப்பகங்கள் நுழைந்த வாயில் அதுவே. மின்னிதழை நூலகம் வாங்குவதில்லை; குறித்த காலத்துக்கு, குறித்த வாசகருக்கு, குறித்த விதிகளின்படி பயன்படுத்த அனுமதி பெறுகிறது. அந்த அனுமதிப் பத்திரமே உரிமம். உரிமம் அனுமதித்தால் ஒரு கட்டுரையின் படியை மற்றொரு நூலகத்துக்கு அனுப்பலாம். மின்னூல்களுக்கான உரிமங்கள் பலவற்றில் முழுநூலை இரவல் கொடுக்கவே இடமில்லை.

குறையும் தன்மையுள்ள அச்சுநூலைப் பகிர நூலகத்துக்கு உரிமை இருந்தது. சற்றும் குறையாத மின்படியைப் பகிர உரிமை இல்லை. அகுஸ்தீனின் கருத்து முழுமையாகப் பொருந்தக்கூடிய ஒரு நூல்வடிவம் வரலாற்றில் முதன்முறையாகக் கிடைத்த அதே காலத்தில், அதை வழங்கும் ஆற்றல் ஒப்பந்தத்தால் பறிக்கப்பட்டிருப்பது, இந்தத் தலைமுறையின் கல்வியுலகம் தனக்குத்தானே இழைத்துக்கொண்ட பெரும் அநீதிகளுள் ஒன்று. பிரான்சிஸ்கன் துறவியரின் வரலாற்றோடு இதை ஒப்பிடும்போது அநீதியின் தன்மை தெளிவாகிறது. அவர்கள் பயன்படுத்தும் பொருள்களின் உடைமை திருத்தந்தைக்கு, பயன்பாடு மட்டும் அவர்களுக்கு என்று மூன்றாம் நிக்கோலாஸ் 1279இல் அறிவித்தார். உண்டு தீர்க்கும் பொருள்களில் பயன்பாட்டை உடைமையிலிருந்து பிரிக்க முடியாது என்று கூறி இருபத்திரண்டாம் யோவான் 1322இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார். உடைமையில்லாப் பயன்பாடு இயலுமா என்னும் அந்தப் பழைய வழக்கு இன்று நூலகங்களில் வேறு உருவில் நடக்கிறது. துறவியர் உடைமையைத் தாமே துறந்தனர், அத்துறவு அவர்களைப் பொதுமையை நோக்கி இட்டுச்சென்றது; நூலகங்களிடமிருந்தோ உடைமை எடுக்கப்பட்டது, அவ்விழப்பு அவற்றைப் பொதுமையிலிருந்து விலக்குகிறது.

உழைப்புக்கு விலை வேண்டாமா என்று கேட்போருக்கும் இடைக்காலம் ஒரு விடை வைத்திருந்தது. அறிவு இறைவனின் கொடையாதலால் அதை விற்க இயலாது என்பது அக்காலத்துத் திருச்சபைச் சட்ட அறிஞரின் பொதுக்கருத்து. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம், பேராலயந்தோறும் வறிய மாணவருக்கு இலவசமாகக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்தி அவர் வாழ்வுக்கு வருவாய் ஒதுக்க வேண்டுமென்றும், கற்பிக்கும் அனுமதிக்குக் கட்டணம் பெறக் கூடாதென்றும் விதித்தது. ஆசிரியர் ஊதியம் பெறுவது அறிவின் விலையாக அன்று, அவருடைய உழைப்புக்காக என்று அவ்வறிஞர்கள் விளக்கினர். இந்த வேறுபாட்டை ஆய்விதழுக்குப் பொருத்தினால், செப்பனிடுதல், வடிவமைத்தல், சேமித்தல் ஆகிய உழைப்புக்கு விலை கொடுப்பது முறையே. ஆனால் கட்டுரை எழுதிய ஆராய்ச்சியாளருக்கும் அதை மதிப்பிட்ட அறிஞருக்கும் இதழ் பெரும்பாலும் எதுவும் கொடுப்பதில்லை. அவர்களுடைய பல்கலைக்கழகமே சந்தா கட்டி அக்கட்டுரையைத் திரும்ப வாங்குகிறது. அங்கே விலை பேசப்படுவது உழைப்பா, அறிவா என்பதைக் கூட்டமைப்புகள் பதிப்பகங்களோடு பேரம் பேசும் ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். பேரத்தில் வென்று தள்ளுபடி பெற்றுவிட்டதால் மட்டும் பகிர்தலின் அறம் நிறைவேறிவிடாது; சேர்ந்து வாங்குதல் வேறு, சேர்ந்து வழங்குதல் வேறு.

எஞ்சியிருப்பது எல்லை பற்றிய கேள்வி. கூட்டமைப்புக்கு வட்டாரம் என்னும் வரம்பு உண்டு. ஓஹயோவின் மாணவர் பெறும் உரிமையை எல்லைக்கு அப்பால் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்தியானாவின் மாணவர் பெறாமல் போகலாம். குறையாத பொருளுக்கு மாநில எல்லை ஏன்? அகுஸ்தீன் அதே நூலின் முதற்பகுதியில், எல்லா மனிதரும் சமமாக அன்பு செய்யப்பட வேண்டியவர்களே எனினும், எல்லாருக்கும் உதவ ஒருவரால் இயலாதபோது, இடம், காலம் முதலியவற்றால் ஏதோ சீட்டு விழுந்ததுபோல் தமக்கு நெருங்கி வாய்த்தவர்களுக்கு முதலில் உதவலாம் என்கிறார். வட்டார எல்லைக்கு இது ஏற்கத்தக்க நியாயம்தான், ஆனால் இயலாமை உள்ள வரைக்கும் மட்டுமே. நூலை ஊர்தியில் அனுப்பும் செலவு எல்லையை நியாயப்படுத்தியது. மின்படிக்கு அச்செலவு இல்லை. 2024 நவம்பரில் இந்திய ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டதன் மூலம், வட்டார எல்லையை நாட்டெல்லையாக விரித்திருக்கிறது. தொலைவிலுள்ள மாவட்டத்து அரசுக் கல்லூரிக்கும் இது கதவைத் திறக்கிறது என்பதால் வரவேற்கத்தக்கது. ஆயினும் நிறுவனம் எதையும் சாராத ஆய்வாளரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும், தம் பாடத்தில் புதியன அறிய விழையும் பள்ளி ஆசிரியரும் இன்னும் வெளியிலேயே நிற்கின்றனர். அவர்களுக்கு இடம் தராத எல்லைக்கு, இயலாமை என்னும் பழைய நியாயம் இனிப் போதாது.

மின்வடிவத்தின் மேல் நூலகங்களுக்குள்ள பிடி இவ்வளவு தளர்ந்திருக்கும் காலத்தில், அச்சுநூலைச் சேர்ந்து காக்கும் உடன்படிக்கைகள் தனிப் பொருள் பெறுகின்றன. இடநெருக்கடியால் எல்லா நூலகங்களும் ஒரே காலத்தில் அரிய நூல்களைக் கழித்துவிட்டால் ஒரு வட்டாரத்தின் கடைசிப் படியே அழிந்துபோகும் என்பதை உணர்ந்து, எந்த நூலின் படியை எந்த நூலகம் வைத்திருக்கும் என்று அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிக் கல்லூரிகளை முதன்மையாகக் கொண்ட ‘ஈஸ்ட்’ கூட்டமைப்பில், 2016 முதல் உறுப்பு நூலகங்கள் தம்மிடமுள்ள இலட்சக்கணக்கான நூல்களைப் பதினைந்து ஆண்டுகளுக்குக் கழிக்காமல் வைத்திருப்பதாகவும், பிற உறுப்பினருக்கு இரவல் தருவதாகவும் ஒப்புக்கொண்டு, பட்டியலில் அவற்றுக்கு அடையாளமிட்டன. அக்குவினாஸ் பிரித்துக்காட்டிய பேணும் பொறுப்பும் பொதுப் பயன்பாடும் இவ்வளவு தெளிவாக ஒரே ஆவணத்தில் சேர்ந்து இடம்பெறுவது அரிது: செலவு ஒருவருடையது, பயன் எல்லாருடையது, பயன்பெறும் வாசகரோ இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம். முதலில் ஒப்புக்கொள்ளப்பட்ட காலம் 2031இல் முடிகிறது. அதன் பின் உடன்படிக்கையை நீட்டிப்பதா, எத்தனை ஆண்டுகளுக்கு நீட்டிப்பது என்பதை அந்நூலகங்கள் கூடி முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதுவரை, அடையாளமிட்ட நூலொன்றைத் தன் மாணவர் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்னும் காரணத்தைக் காட்டிக் கழித்துவிட எந்த உறுப்பு நூலகத்துக்கும் உரிமை இல்லை.